முஸ்டாங் ஜிடி: நேரம் போவது புறப்படும் கோட்டில்

பெங்களூருவில் நடக்கும் 402 மீட்டர் நேர்கோட்டு ஓட்டத்தில் (டிராக் ரேஸ்), அதே ஃபோர்டு முஸ்டாங் ஜிடி காரில் நண்பரைவிட ஏன் பின்தங்குகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் என்ஜினில் குறை இல்லை. பின்சக்கரங்கள் பிடிமானமின்றிச் சுழல்வதே காரணம். 402 மீட்டரை நீங்கள் 14.4 நொடியிலும், நண்பர் அதே மாடல் காரில் 13.7 நொடியிலும் கடந்திருந்தாலும், இருவரின் நேரப் பதிவுச் சீட்டிலும் முடிவுக்கோட்டு வேகம் மணிக்கு 168 கி.மீ. என்றே இருக்கிறது. திறன் குறைந்திருந்தால் அந்த வேகம்தான் முதலில் இறங்கியிருக்கும்.

முதல் 60 அடிக்கான நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு 2.5 நொடி, அவருக்கு 2.1. அங்கே இழப்பது முடிவில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகும்.

டயரைச் சூடாக்க, புறப்படும் கோட்டுக்கு முன்னால் தண்ணீர் தெளித்த பகுதிக்குள் ஓட்டினீர்களா? வழவழப்பான பந்தய டயருக்கு அது பொருந்தும். சாலை டயரின் காடிகளோ அந்த நீரைச் சுமந்து வந்து, நீங்கள் புறப்பட வேண்டிய இடத்திலேயே கசியவிடும். அதனால் நீரைச் சுற்றிக்கொண்டு சென்று, உலர்ந்த தரையில் சக்கரத்தைச் சிறிது சுழற்றித் துடைத்தால் போதும். புறப்படும்போது ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதிக்காமல், கார் நகர்ந்து பிடி கிடைத்த பிறகு முழுவதும் அழுத்துங்கள்.

இதற்குப் பிறகும் நழுவினால் மட்டும் பின் டயர்களின் காற்றழுத்தத்தை 3 அல்லது 4 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைக்கலாம். வீடு திரும்பும் முன் மறவாமல் நிரப்பிவிடுங்கள். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்வது உயிருக்கே ஆபத்து.

சென்னையில் பதிவான நேரங்களோடு உங்கள் நேரத்தை ஒப்பிட வேண்டாம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், காற்றின் அடர்த்தி குறைந்த இடத்தில் இருப்பதால், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) இல்லாத உங்கள் என்ஜின் இங்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும்.