சிஸ்டரிடம் கேளுங்கள்: விஷவாயுவுக்கு மாடி, அணுத்தூசிக்கு உள்ளறை

(தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அரசு மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில் ரசாயனம், கிருமி, அணுக்கதிர் ஆபத்துகள்.)

பாலக்கோட்டிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: 2025 மே 7 அன்று நாடு முழுக்க 244 மாவட்டங்களுக்குப் போர்க்கால ஒத்திகை அறிவித்தார்கள். டிவியில் சைரன் சத்தம் கேட்ட பிள்ளைகள் இன்னும் விடுவதாக இல்லை. "நம்ம ஊர்ப் பக்கம் அணுகுண்டு விழுந்தா என்ன மிஸ் பண்றது?" என்கிறார்கள். எல்லாம் முடிந்துவிடும் என்பதைத் தவிர எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்படிச் சொல்லிவிடாதீர்கள் அம்மா. குண்டு விழுந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பவர்களைப் பற்றி நாம் செய்வதற்கு அதிகமில்லை. அதிலும்கூட, 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து சுமார் 170 மீட்டரில், ஒரு கான்கிரீட் கட்டடத்தின் நிலவறையில் இருந்த மனிதர் உயிர் பிழைத்து முதுமை வரை வாழ்ந்தார். தள்ளி இருப்பவர்களின் உயிர் பெரும்பாலும் அடுத்த இரண்டு நாளில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

பெங்களூரு ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். ஒரு பேச்சுக்கு, அந்தப் பக்கம் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலுக்கு ஓடி வேடிக்கை பார்க்கக் கூடாது. ஒளி உடனே வந்துவிடும், அதிர்வு பின்னால் வரும். 40 கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் கண்ணாடிக்கு அருகில் நிற்பவர்கள்தான் முகம் கிழிந்து வருவார்கள். குப்புறப் படுத்து முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது தூசி. குண்டு மண்ணை உறிஞ்சி மேலே கொண்டுபோய், கதிர்வீச்சோடு காற்றடிக்கும் பக்கமெல்லாம் கொட்டும். அது வந்து சேரக் குறைந்தது பத்து, பதினைந்து நிமிடமாவது இருக்கும். அதற்குள் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். தகரக் கூரையும் ஓட்டு வீடும் போதாது. கான்கிரீட் தளம் போட்ட வீடு அல்லது உங்கள் பள்ளிக்கூடம் நல்லது. மேல் மாடி வேண்டாம், தூசி தங்குவதே மொட்டை மாடியில்தான். சுற்றிலும் சுவர் இருக்கிற நடு அறையாகப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் வெளியே கதிர்வீச்சு 1000 என்று வைத்துக்கொண்டால், 7 மணி நேரத்தில் அது 100 ஆகும், 49 மணி நேரத்தில் 10 ஆகும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். பள்ளியிலிருக்கும் பிள்ளையை அழைத்து வரத் தாய் தெருவில் ஓடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. பிள்ளை பள்ளியில் பத்திரமாக இருக்கும், நாம் வீட்டில் இருக்கலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

வெளியிலிருந்து வந்தவர் வாசலிலேயே மேல்துணியைக் கழற்றி, பையில் கட்டித் தள்ளி வைத்தாலே ஒட்டிய தூசியில் பெரும்பகுதி போய்விடும். பிறகு சோப்புப் போட்டுக் குளியல். தலைக்குக் கண்டிஷனர் போடக் கூடாது, தூசியை முடியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். மாட்டைக் கொட்டகையில் கட்டி, வைக்கோலையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடி வையுங்கள். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, தூசி படிந்த புல்லைத் தின்ற மாட்டின் பாலைக் குடித்த பிள்ளைகளுக்குத்தான் பிற்பாடு தைராய்டு புற்றுநோய் அதிகம் வந்தது. அந்தத் தூசியில் இருந்த கதிரியக்க அயோடின் 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அது நன்றாக அடங்கும்வரை, பல வாரங்களுக்கு, பழைய பால் பவுடர் போதும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர்: அயோடின் உப்பு நிறையச் சாப்பிட்டால் கதிர்வீச்சு தாக்காது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு சீனாவிலும் இதை நம்பித்தான் கடைகளில் உப்பைக் காலி செய்தார்கள். கதிரியக்க அயோடினுக்கு எதிராகப் பெரியவர்களுக்குத் தரும் மாத்திரையில் 100 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அவ்வளவு வேண்டுமென்றால் 3 கிலோவுக்கு மேல் உப்புத் தின்ன வேண்டும். உப்பே ஆளைக் கொன்றுவிடும். அந்த மாத்திரையும் தைராய்டை மட்டும்தான் காக்கும், அரசு சொன்னால் மட்டும்தான் விழுங்க வேண்டும். கல்பாக்கம் நமக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே அவசரகாலத் திட்டம் வகுத்திருப்பது சுற்றிலும் 16 கிலோமீட்டர் தூரம் வரைக்கும்தான். உங்கள் கடைக்கு உப்புக் கேட்டுக் கூட்டம் வந்தால் தயவுசெய்து இதைச் சொல்லி அனுப்புங்கள் ஐயா.

தொப்பூர் கணவாயில் சாலையோரம் டிபன் கடை நடத்துபவர்: அக்கா, ராத்திரி பகல் இல்லாமல் டேங்கர் லாரி இறங்குகிறது. கவிழ்ந்து வாயு கசிந்தால் நாங்கள் எந்தப் பக்கம் ஓடுவது?

எனக்குத் தூக்கம் கெடுப்பது அணுகுண்டு இல்லை தம்பி, இந்த இறக்கம்தான். கேட்டதற்கு நன்றி.

கடையில் சும்மா இருக்கிற நேரத்தில் நிற்கும் டேங்கர்களைப் பாருங்கள். பக்கத்திலும் பின்னாலும் கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு பலகை இருக்கும். அதில் நான்கு இலக்க எண் எழுதியிருக்கும். 1203 பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா, 1017 குளோரின். இந்த நான்கையும் கல்லாவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். எண்ணுக்கு மேலே உள்ள குறியீட்டில் E என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அக்கம்பக்கத்து மக்களை அப்புறப்படுத்த வேண்டி வரலாம் என்று அர்த்தம். 112க்கோ 101க்கோ பேசும்போது "டேங்கர் கவிழ்ந்துடுச்சு" என்பதோடு அந்த எண்ணையும் சொன்னால், வருகிற தீயணைப்பு வீரர்கள் எதை எடுத்து வர வேண்டும் என்று கிளம்பும்போதே தெரிந்துகொள்வார்கள். எண் தெரியவில்லையென்றால் அதைப் படிக்கப் பக்கத்தில் போகாதீர்கள்.

எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். கடை அடுப்புப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் ஓடக் கூடாது. காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வருகிற திசைக்குப் போங்கள். பள்ளத்தில் இறங்காதீர்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், ஓடையிலும் பள்ளத்திலும் போய்த் தேங்கும். அம்மோனியா லேசான வாயுதான், ஆனால் டேங்கரிலிருந்து கொட்டும்போது குளிர்ந்து வெண்புகையாகத் தரையோடு தவழும். ஆகவே இரண்டுக்கும் மேடுதான் நல்லது. ஈரத்துண்டை மூக்கிலும் வாயிலும் அழுத்திக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வாயுவும் தண்ணீரில் கரையும், துண்டு ஓரளவு பிடித்துக்கொள்ளும். 1984 டிசம்பர் 2 ராத்திரி போபாலில் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தபோது, மக்கள் தெருவில் ஓடி ஓடி மூச்சிரைத்து அதையே இன்னும் ஆழமாக இழுத்தார்கள். ஈரத்துணி என்ற ஒரு வார்த்தையை அவர்களுக்குச் சொல்ல அந்த ராத்திரி யாரும் இல்லை. நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஓட வழியில்லாமல் புகை சூழ்ந்துவிட்டால் வீட்டுக்குள் போய் ஜன்னலை அடைத்து, மின்விசிறி, எக்ஸாஸ்ட், ஏசி எல்லாவற்றையும் நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி திணியுங்கள். மாடி இருந்தால் மாடிக்குப் போங்கள். கனமான வாயுவுக்கு மாடி, அணுத்தூசிக்குக் கீழ்த்தள உள்ளறை. இதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். புகை கடந்ததும் எல்லாக் கதவையும் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

எரிவாயு டேங்கரில் தீப்பிடித்தால் இவை எதுவும் உதவாது. 1.6 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட வேண்டும். கவிழ்ந்த பெட்ரோல் லாரியிலிருந்து குடத்தில் பிடிக்கப் போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்தாவது நிறுத்துங்கள்.

காரிமங்கலம் பக்கமிருந்து ஒரு விவசாயியின் மனைவி: தக்காளிக்கு மருந்தடித்துவிட்டு வந்தால் என் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றி வாந்தி வருகிறது. போரில் போடும் விஷவாயுவும் பூச்சி மருந்தும் ஒரே ஜாதி என்று மகன் சொல்கிறான். நிஜமா சிஸ்டர்?

நிஜம்தான் கண்ணு. 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் புது பூச்சிக்கொல்லி தேடும்போது கண்டுபிடித்ததுதான் டாபுன் என்ற நரம்பு விஷம். அடுத்து வந்தது சாரின். நம் கடைகளில் விற்கும் ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் அதே குடும்பம், வீரியம் மட்டும் மிகக் குறைவு. நரம்பு தசைக்குச் சொல்லும் கட்டளையை நிறுத்துகிற ஒரு நொதியை இவை முடக்கிவிடும். கட்டளை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், வியர்த்துக் கொட்டும், தசை துடிக்கும், நெஞ்சில் சளி நிரம்பி மூச்சு நிற்கும். கண்பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிவிடும். டார்ச் அடித்து அதைப் பார்த்ததும் டாக்டர் அட்ரோபின் கேட்பார். போரிலும் முதல் மருந்து அதுதான்.

மருந்து ஏற்றுவதற்குள் நான் எடுப்பது கத்தரிக்கோல். சட்டையைத் தலை வழியாகக் கழற்றினால் விஷம் முகத்தில் தேயும், அதனால் நெஞ்சோடு வெட்டித் திறப்போம். லுங்கி, பனியன் போன பிறகும் வாடை போகாது. தேடினால் அரைஞாண் கயிறு மருந்தில் ஊறிப் போயிருக்கும். அதை வெட்டப் போனால் சொந்தக்காரர்கள் பதறுவார்கள். வேறு கயிறு கட்டிக்கலாம் அண்ணா, மனுஷன் வேணும் என்று சொல்லி வெட்டுவேன். காதுக்குப் பின்னால், தொப்புள், நகக்கண், தலைமுடி எல்லாம் சோப்புத் தண்ணீர். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கழற்றிய துணியைக் கட்டிலுக்கடியிலேயே விட்டுவிட்டு அறையைச் சாத்தி வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கே நின்ற எங்களுக்கே கண் எரிந்து தலை வலித்தது.

1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் வைத்தபோது நடந்ததும் இதுதான். பாதிக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் நடந்தும் டாக்சி பிடித்தும் அதே உடுப்போடு மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். ஒரே மருத்துவமனையில் 100க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு அறிகுறிகள் தோன்றின.

உங்கள் வீட்டுக்காரர் காற்றுக்கு எதிராக மருந்தடிக்கக் கூடாது. வந்ததும் வாசலிலேயே துணி மாற்றிக் குளிக்கட்டும், அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வாந்தியோ மூச்சுத்திணறலோ வந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்து வாருங்கள். ஒவ்வொரு தடவையும் தலை சுற்றுகிறது என்கிறீர்கள், அதனால் அடுத்த தெளிப்புக்கு முன்னால் அவரைக் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஓசூரிலிருந்து ஒரு இளைஞர்: ஆன்லைனில் கேஸ் மாஸ்க் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. வடிகட்டி எந்த வாயுவுக்கு உரியதோ அதற்குத்தான் உதவும், முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தப் பழக்கமும் வேண்டும். என்95 தூசிக்கும் கிருமிக்கும் பயன்படும், வாயுவுக்குப் பயன்படாது. அந்தப் பணத்தில் பேட்டரி ரேடியோ, டார்ச், மூன்று நாளுக்குக் குடிநீர், அம்மா அப்பாவின் பிரஷர், சுகர் மாத்திரை வாங்கி வையுங்கள். 1077 மாவட்டப் பேரிடர் எண், போனில் பதிந்துகொள்ளுங்கள்.

ஓசூர் பழைய இரும்புக் கடையில் வேலை பார்ப்பவர்: ஆலைகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் கழிவு இரும்பு வருகிறது. எதைத் தொடக் கூடாது?

அளவுக்குச் சம்பந்தமில்லாமல் கனக்கிற ஈய உருளை அல்லது பெட்டி, மஞ்சள் பலகையில் நடுவில் புள்ளியோடு மூன்று இதழ் வரைந்த சின்னம். இரண்டில் எதைக் கண்டாலும் வெட்டாதீர்கள். 2010இல் டெல்லி மாயாபுரி இரும்புச் சந்தைக்கு, ஒரு பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவி வந்தது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. பிரித்துப் பார்த்த தொழிலாளிகள் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். 1987இல் பிரேசிலின் கோயானியாவில் சீசியம்-137 இருந்த சிகிச்சைக் கருவியை உடைத்தார்கள். உள்ளே இருந்த தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். நான்கு பேர் போய்விட்டார்கள், அதில் ஒன்று ஆறு வயதுப் பெண் குழந்தை.

கதிர்வீச்சு சுடாது, மணக்காது. முதலில் வாந்தி வரலாம், சில நாள் கழித்துக் கை சிவந்து கொப்பளிக்கும், பிறகு முடி கொட்டும். சந்தேகப் பொருளைக் கண்டால் எல்லோரும் தள்ளிப் போய், கை கழுவி, 112க்குச் சொல்லுங்கள். போலீஸ் மூலமாக அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் போகும். அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பிரிவு இருக்கிறது, அளவுமானியோடு வருவார்கள். முதலாளி என்ன சொல்வாரோ என்று தயங்காதீர்கள். டாக்டரிடம் போக நேர்ந்தால் "இரும்புக் கடையில் வேலை" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

தளி பக்கமிருந்து ஒரு மாடு வளர்ப்பவர்: நல்லா மேய்ந்துகொண்டிருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கில் கறுப்பு ரத்தம் வந்தது. யாரோ விஷக்கிருமி தூவினார்கள் என்று ஊரில் பேச்சு.

யாரும் தூவியிருக்க வேண்டியதில்லை ஐயா. உறையாத கறுப்பு ரத்தம் என்றால் அடைப்பான் நோயாக இருக்கலாம், ஆந்த்ராக்ஸ் என்பது அதுதான். அமெரிக்காவில் 2001இல் கடித உறைகளில் வைத்து அனுப்பி 22 பேரை நோயாளியாக்கி, 5 பேரைக் கொன்ற அதே கிருமி, நம் நாட்டு மண்ணில் தானாகவே பல இடங்களில் கிடக்கிறது. காற்றுப் பட்டால் வித்தாக மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணில் இருக்கும். அதனால்தான் செத்த மாட்டை அறுக்கவே கூடாது.

1962க்குச் சொல்லிக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். அவர் சொன்னபடி ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மாட்டைத் தொட்டவர் யாருக்காவது வலியில்லாத புண் வந்து நடுவில் கறுத்தால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். சீக்கிரம் வந்தால் ஆன்டிபயாடிக்கில் குணமாகும். மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசி உண்டு, ராணிப்பேட்டை அரசு நிலையத்திலேயே தயாராகிறது. உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மாடு போன நஷ்டம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் தோலுக்கு விலை பேச யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். குழி மூடும்வரை நாய்களைக் கட்டிப் போடுங்கள்.