கணக்கும் டியூஷனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மற்ற பாடங்களில் பரவாயில்லை. கணக்கில் மட்டும் அரையாண்டில் 31. டியூஷன் வைக்கலாம் என்றால் வீட்டுக்காரர், “நம்ம கும்பகோணத்து ராமானுஜன் எந்த டியூஷனுக்குப் போனார்?” என்கிறார். பக்கத்துத் தெரு சென்டரில் நாற்பது பிள்ளைகள். கும்பகோணத்தில் ஒரு மாஸ்டர் நாலு பேருக்கு மட்டும் எடுக்கிறார், ஃபீஸ் இரண்டு பங்கு. டியூஷனால் உண்மையிலேயே கணக்கு வருமா?

எஸ்., வலங்கைமான்

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. ராமானுஜன் வீட்டில் கல்லூரி மாணவர்கள் வாடகைக்குத் தங்கியிருந்தார்கள். சிறுவயதில் அவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கணக்கு கற்றவர் அவர். 1903 வாக்கில் அவர் கைக்கு வந்து அவரைப் பித்துப் பிடிக்க வைத்த தொகுப்பு நூலை எழுதிய கார் என்பவரோ, கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். அந்தப் பாடக் குறிப்புகளிலிருந்து வளர்ந்ததுதான் அந்த நூல். ராமானுஜனும் டியூஷன் மாஸ்டர் நோட்ஸ் படித்தவர்தான் என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டியூஷனால் கணக்கு வரும், உங்கள் பெண் போடுவதை மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால். தடுக்கும் இடம் பெரும்பாலும் இந்த வருடப் பாடத்தில் இருக்காது. காரணிப்படுத்தும்போது, பெருக்கினால் 15, கூட்டினால் -8 வரும் இரண்டு எண்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். -3, -5 என்று சரியாகவே எழுதிவிட்டு, கூட்டினால் +8 அல்லவா வருகிறது என்று அதை அடித்துவிடும் பிள்ளைகள் நிறைய. கேட்டால், “மைனஸும் மைனஸும் பிளஸ்தானே சார்?” அது பெருக்கலுக்கான விதி. ஏழாம் வகுப்பில் கூட்டலோடு குழம்பியது, ஒன்பது வரை கூடவே வந்துவிட்டது. விடைத்தாளில் சிவப்பு மையில் ஒரு சுழி விழுமே தவிர, எதனால் தப்பு என்று தெரியாது. நாற்பது பேரை வைத்துக்கொண்டு பாடத்தை முடிக்க ஓடும் பள்ளி ஆசிரியர் ஒவ்வொரு நோட்டிலும் இதைத் தேட முடியுமா? பக்கத்தில் இருப்பவர் பிடித்துவிடுவார். “அப்பா குறுவைக்கு மூவாயிரம் கடன் வாங்கினார், சம்பாவுக்கு ஐயாயிரம். இப்போது கையில் எட்டாயிரம் மிச்சமா?” என்று கேட்டால் அவளே சிரித்துக்கொண்டு திருத்துவாள். அப்புறம் அதே மாதிரி பத்துக் கணக்கை அவள் கையாலேயே போட வேண்டும். மாஸ்டர் போர்டில் போட, இவள் பார்த்து எழுதுவது என்றால் நாலு பேர் என்ன, நாற்பது பேர் என்ன?

சேர்ப்பதற்கு முன் அரையாண்டு விடைத்தாளோடு கும்பகோணத்து மாஸ்டரைப் போய்ப் பாருங்கள். அதைப் புரட்டிவிட்டு அவளிடம் நாலு கேள்வி கேட்கிறாரா, எடுத்த எடுப்பில் ஃபீஸும் ரிசல்ட்டும் பேசுகிறாரா என்று கவனியுங்கள்.

அடுத்த வருடம் பொதுத்தேர்வு. செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் எட்டெட்டாக 16, ஒரு மார்க் கேள்விகளுக்கு 14. இந்த முப்பதைப் பிடித்துக்கொண்டே 35-ஐத் தாண்ட வைக்கும் சென்டர்கள் உண்டு. குறை சொல்ல மாட்டேன், பாஸ் பாஸ்தான். ஆனால் பதினொன்றில் கணக்கு குரூப் எடுக்க அவளுக்கு ஆசை இருந்தால் அது போதாது, அதே மைனஸ் அங்கே மறுபடி காலை வாரும். அவளைக் கேட்டீர்களா? ஆசை இருந்தால் கும்பகோணத்துக்கே அனுப்புங்கள். ஃபீஸ் கட்டுப்படியாகாவிட்டால், உங்கள் ஊரில் கணக்கு படிக்கும் கல்லூரிப் பெண் யாராவது வாரம் இரண்டு மாலை வந்தாலே போதும். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஏழாம் வகுப்பு முழுக்களில் தொடங்கச் சொல்லுங்கள்.