மயோனைஸ் இல்லாமல், புளிப்பும் காரமுமாக முட்டைக்கோஸ் சாலட் எப்படிச் செய்வது?

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர்க்காரர்கள் செய்யும் குர்த்தீதோவைத்தான் சொல்வேன். அங்கே சோளமாவுக்குள் சீஸோ பீன்ஸோ வைத்துத் தட்டிச் சுடும் புபூசாவுக்கு இதுதான் ஜோடி. புபூசாவின் எண்ணெய்ப் பசை திகட்டாமல் இருக்கவே இந்தப் புளிப்பு.

அரை கிலோ முட்டைக்கோஸை நூல் மாதிரி மெல்லிசாக அரியுங்கள். ஒரு கேரட்டைத் துருவி, அரை வெங்காயத்தை நீளவாக்கில் நறுக்கிச் சேருங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஒரே நிமிடம், உடனே வடித்துவிடுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கூடுதலாக ஊறினால் கோஸ் துவண்டு பொரியல் வாசனை வந்துவிடும். வெந்நீரே காட்டாவிட்டால் பச்சை நெடி போகாது. குளிர்ந்த தண்ணீரில் அலசி, கையால் இறுகப் பிழியுங்கள். மிஞ்சும் ஈரம் வினிகரை நீர்த்துப்போகச் செய்யும்.

பிறகு அரை கப் வினிகர், கால் கப் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு. காரத்துக்கு அங்கே ஹாலபீனோ மிளகாய். நம் பச்சை மிளகாய் இரண்டைக் கீறிப் போட்டாலும் போதும். அரை டீஸ்பூன் காய்ந்த ஆரிகானோவை உள்ளங்கையில் கசக்கித் தூவுங்கள். அதற்குப் பதில் ஓமம் போட்டால் என்ன என்று கேட்பார்கள்; எனக்கு ஒப்பவில்லை.

கண்ணாடி ஜாடியில் அடைத்து ஓரிரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். அவசரமென்றால் இரண்டு மணி நேரம்.

வினிகர் இல்லாமல் புளிக்கவைப்பதும் உண்டு. அதற்குக் கோஸின் எடையில் 2 சதவீதம் உப்புப் போட்டுப் பிசைந்து, விடும் நீரிலேயே காய் மூழ்கியிருக்கும்படி நாலைந்து நாள் வெளியே வைக்க வேண்டும். அப்போது மட்டும் வெந்நீர் ஊற்றாதீர்கள், புளிக்கவைக்கும் பாக்டீரியா செத்துவிடும்.