திருகோணமலையில் ஓட மலிவான மின்சாரக் கார்: பாவித்த லீஃப் வாங்குவதா, புதுச் சீனக் கார் மலியும் வரை பொறுப்பதா?

தலைப்பில் உள்ளதை ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேட்ட விதத்தைப் பார்த்தால் அவருக்கு வீடு உப்புவெளி, நிலாவெளிப் பக்கம், வேலை நகரத்துக்குள், ஒரு நாளைக்கு 30, 40 கிலோமீற்றர் ஓட்டம். அந்தக் கணக்கில் சொல்கிறேன். பாவித்த நிசான் லீஃப் வாங்கலாம், பற்றரியை அளந்து பார்த்த பிறகு. அளக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அடுத்த காரைப் பாருங்கள்.

மலிவுப் போட்டி என்பதே பற்றரிப் போட்டிதான். 2020 யூலையில் வூலிங் ஹொங்குவாங் மினி என்ற சின்னச் சீன மின்சாரக் கார் 28,800 யுவானுக்கு வந்தபோது அடிப்படை மொடலின் பற்றரி 9 யூனிட் (கிலோவாட் மணி) சொச்சம். வேகச் சார்ஜ் கிடையாது. 2023 ஏப்ரலில் சீன நிறுவனமான பி.வை.டி.யின் சீகல் 30 யூனிட் பற்றரியோடு 73,800 யுவானுக்கு வந்தது. 2025 மே மாதம் அதை 55,800க்கு இறக்கினார்கள். நிக்கல், கோபால்ட் இல்லாத இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி இந்த மலிவுக்கு ஒரு பெரிய காரணம். சூட்டையும் அது கூடுதலாகத் தாங்கும், நமக்கு அதுதான் முக்கியம். ஆனால் யுவானை ரூபாவில் பெருக்கிப் பார்த்து ஆசைப்படாதீர்கள். இங்கே மோட்டர் எத்தனை கிலோவாட் என்று பார்த்து உற்பத்தி வரி, அதற்கு மேல் வற். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மறுபடி திறந்தும் அந்தக் கணக்கு மாறவில்லை. சீகலுக்கு 305 கி.மீ. என்று போட்டிருப்பது சீனச் சோதனை. ஏசி போட்டு ஹபரணை வீதியில் ஓடுவதென்றால் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள்.

இனி லீஃப். 24 யூனிட் மொடலில் புதிதாக இருக்கும்போதே பாவிக்கக் கிடைப்பது 21 யூனிட் அளவுதான். பற்றரிக்குக் குளிரூட்டல் எதுவும் இல்லை, வெயிலில் நின்றால் சூட்டைக் குடித்துக்கொண்டே நிற்கும். "என் லீஃப் பத்து வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடுது" என்று கீழே கருத்து எழுத வருபவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: நுவரெலியாக் குளிரில் ஓடிய கார் வேறு, சீனன்குடாவில் வெட்ட வெளியில் நின்ற கார் வேறு.

பற்றரியில் எவ்வளவு கொள்ளளவு மிச்சம் என்று காட்ட மீட்டர் ஓரத்தில் உள்ள 12 சின்னக் கட்டங்களை மட்டும் நம்ப வேண்டாம். முதல் கட்டம் போவதே 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான். 9 கட்டம் என்றால் ஏறக்குறைய 70. கணினியை ரீசெட் பண்ணி 12 கட்டமும் காட்டிவிட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கொஞ்ச நாள் ஓடியதும் கட்டம் ஒவ்வொன்றாக விழும். போனில் லீஃப் ஸ்பை செயலியும், காரின் கணினியைப் போனோடு இணைக்க ஒரு ஓபிடி அடப்டரும் கொண்டு போங்கள். 96 செல் சோடிகளின் வோல்ட்டும் வரிசையாகத் தெரியும். பற்றரி 25 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு, மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது பாருங்கள். ஒரு கோடு மட்டும் மற்றவற்றை விட 100 மில்லிவோல்ட் கீழே விழுந்தால் அந்த செல் இருக்கும் மொடியூல் (செல் தொகுதி) போகப்போகிறது. நிறைந்த பற்றரியில் இது தெரியாது, அதனால்தான் எப்போதும் முழுச் சார்ஜில் காட்டுவார்கள்.

செயலியும் ரீசெட்டில் ஏமாறலாம். வீட்டு மீட்டர் ஏமாறாது. மற்ற பிரேக்கர்களை எல்லாம் நிறுத்திவிட்டு 20இலிருந்து 80 சதவீதம் வரை சார்ஜ் பண்ணி, மீட்டரில் எத்தனை யூனிட் ஏறியது என்று பாருங்கள். நல்ல 24 யூனிட் பற்றரி 15 அளவு இழுக்கும், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து. பத்தரையோடு நின்றால் 70 சதவீதப் பற்றரி. ஏசியோடு 80, 90 கி.மீ. வரும், நிலாவெளிக்கும் கிண்ணியாவுக்கும் போய்வரத் தாராளம், ஹபரணைக்கு நெஞ்சிடி.

வயரிங்கில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். 13 அம்பியர் பிளக்கில் இரவு முழுக்க 10 அம்பியருக்கு மேல் ஓடினால், உப்புக் காற்றில் கறுத்த பித்தளைக் கவ்வி சூடாகி பிளாஸ்ரிக் உருகும். வீட்டு மின்பலகையிலிருந்து தனியாக 6 சதுர மி.மீ. செப்பு வயர், தனி 32 அம்பியர் பிரேக்கர், தனி 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச், அதுவும் ஏ வகை. கடையில் சும்மா கேட்டால் ஏசி (ஆடலோட்ட) வகையைத் தருவார்கள். நேர்மின்னோட்டக் கசிவு இருந்தால் அது விழாமல் போகலாம். உப்புவெளியில் எர்த் கம்பியைச் சுற்றிய மணல் ஆடி, ஆவணி மாதங்களில் காய்ந்துவிடும், சார்ஜரில் சிவப்பு லைட் எரியும். கார் பழுது என்று கராஜுக்கு ஓட வேண்டாம், எர்த் மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். 10 ஓமுக்குக் கீழே வராவிட்டால் இன்னொரு கம்பி இறக்கி இரண்டையும் இணைக்க வேண்டும்.

கேள்விக்கு வெளியே ஒன்று. ஜப்பானிலிருந்து வந்த காரில் திரை முழுக்க ஜப்பான் மொழி. சரி, அது பழசு. புதுக் காருக்கும் கையேடு ஆங்கிலத்தில், மிஞ்சினால் சிங்களத்தில். இலட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, உயர்மின்னழுத்த எச்சரிக்கையைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடிக்க முடியாதா? உயர்மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் வயரைத் தொடாதே என்று வாய்ச்சொல்லாய்த்தான் ஊருக்குள் பரவ வேண்டியிருக்கிறது.

புதுக் கார் பார்த்தால் சார்ஜ் வாயின் மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள். வேகச் சார்ஜ் பிளக் வகை பழைய லீஃபுக்கு சாடெமோ, ஏற்றுமதிச் சீனக் கார்களுக்குப் பெரும்பாலும் சிசிஎஸ் 2, சீன உள்ளூர்க் கார்களுக்கு ஜிபிடி. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எந்த மின்சாரக் காரானாலும் மோட்டரே வேகத்தைப் பிடிப்பதால் பிரேக் பாட் அதிகம் உராயாது, கடற்கரையில் டிஸ்க் துருவேறி இறுகும். கிழமைக்கு ஒரு தடவை ஆளில்லாத நேரான வீதியில், மெதுவான ஓட்டத்தில் நியூட்ரலில் போட்டு நாலைந்து தடவை பிரேக் பிடியுங்கள். கரகர சத்தம் நிற்கும் வரை.