குரல் ஓய்கிற இடத்தில் கருவி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள தங்கும் விடுதியில், மாலை வேளைகளில் கோகோ டெய்லர் என்ற அமெரிக்கப் பாடகியின் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த பாட்டு வகை) பாடல்களை ஒலிக்க விடுகிறார்கள். தேயிலைச் சரிவின் அடிவாரம் வரை கேட்கும் குரல். அவருடைய ‘ராயல் ப்ளூ’ ஆல்பத்தின் உறையில் விருந்துக் கலைஞர்கள் என்று பல பெயர்கள் உள்ளன. இவ்வளவு வலிய குரலுக்கு விருந்தினர் எதற்கு? விற்பனைக்காக மட்டும்தானா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: விற்பனையும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆல்பத்தில் கிதார் கலைஞர்களான பி.பி. கிங், கெப் மோ, கென்னி வெய்ன் ஷெப்பர்ட் ஆகியோரும், பியானோக் கலைஞர் ஜானி ஜான்சனும் பங்கேற்றனர். பி.பி. கிங்கின் பெயரைப் பார்த்துவிட்டு வாங்குபவர்கள் எப்போதும் உண்டு. ஆனால் 1928இல் டென்னசியில் பிறந்து, சிகாகோவில் வீட்டு வேலை செய்துகொண்டே இரவில் பாடத் தொடங்கி, 70 வயதைக் கடந்த பின் அந்த ஆல்பத்தைப் பதிவு செய்த ஒருவருக்குப் பிறர் பெயரின் தயவு அவசியமாக இருந்திருக்காது. (சாக்லேட் மீது கொண்ட பிரியத்தால்தான் அவருக்குக் ‘கோகோ’ என்ற பெயர் வந்தது, ஊட்டிக்கு வந்திருந்தால் லேசில் திரும்பியிருக்க மாட்டார்.)

உண்மையான காரணம் ப்ளூஸ் பாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அதன் ஒரு சரணம் பெரும்பாலும் நந்நான்கு எண்ணிக்கை கொண்ட 12 சுற்றுகளால் ஆனது. அவை மூன்று வரிகளுக்கு, வரிக்கு நான்காகப் பிரியும். முதல் வரியைப் பாடி, அதையே மறுபடியும் பாடி, மூன்றாவது வரியில் அதற்கு விடை சொல்வது வழக்கம். ஆனால் ஒவ்வொரு வரியின் சொற்களும் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுக்குள் முடிந்துவிடும். எஞ்சிய ஒன்றரைச் சுற்று, கருவிக்கென்று ஒதுக்கப்பட்ட இடம். எசப்பாட்டு கேட்டுப் பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இராது. பாடகி ஒரு வரியைச் சொல்லிவிட்டு நிறுத்த, கிதார் அதற்குப் பதில் சொல்கிறது. ஒவ்வொரு பாட்டிலும் எதிர்ப்பாட்டுக்காரரை மாற்றினால், பாடகி சொல்லும் விதமும் மாறும். விருந்தினரை அழைப்பதன் பயன் அதுதான்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், 1925 ஜனவரி 14 அன்று நியூயார்க்கில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் பாடிய ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. அவருடன் இருந்தவர்கள் இருவரே: ஆர்மோனியத்தில் பிரெட் லாங்ஷா, கார்னெட் என்னும் ஊதுகருவியில் 23 வயது லூயி ஆம்ஸ்ட்ராங். மைக் இல்லாத காலம் அது. ஒலியைத் திரட்டும் பெரிய கூம்பின் வாய்க்கு நேரே நின்று பாட வேண்டும், இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே அதிகமாகத்தான் அடங்கும், பிசகினால் திருத்த வழியில்லை, முழுவதையும் மறுபடி பாட வேண்டும். அந்தப் பதிவை ஒரு முறை ஹெட்போன் வைத்துக் கேளுங்கள். பெஸ்ஸி வரியின் கடைசிச் சொல்லை இழுத்து விடுகிறார். அந்த ஒலி தேயும் நேரத்தில் கார்னெட் நான்கைந்து ஸ்வரங்களை மட்டும் ஊதிவிட்டு, அடுத்த வரிக்கு வழி விட்டு ஒதுங்குகிறது. அடியில் ஆர்மோனியம், நம் கச்சேரிச் சுருதிப்பெட்டியைப் போல நிதானமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது.

கேள்வி: புகழ்பெற்ற விருந்தினர் பாடகியை மறைத்துவிட மாட்டாரா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: மறைத்த ஆல்பங்கள் உண்டு. அங்கே குற்றம் பெரும்பாலும் தயாரிப்பாளருடையது. பெஸ்ஸி ஸ்மித்தின் கடைசிப் பதிவு 1933 நவம்பர் 24 அன்று நடந்தது. பின்னாளில் ‘ஸ்விங்’ என்னும் ஜாஸ் பாணியின் மன்னர் எனப் போற்றப்பட்ட பென்னி குட்மன் அதில் ஒரு பாட்டுக்கு கிளாரினெட் வாசித்தார். காதைத் தீட்டிக்கொண்டு தேடினால்தான் அவர் கிடைப்பார்.

கேள்வி: என் தங்கைக்குக் கணீரென்ற குரல், ப்ளூஸ் பாணியில் தமிழில் எழுதிப் பாடுகிறாள். நாதஸ்வரம் வாசிக்கும் எங்கள் சித்தப்பாவை விருந்தினராகச் சேர்த்து, வீட்டிலேயே நான்கு பாட்டுகளைப் பதிவு செய்ய நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: முதலில் சுருதி. நாதஸ்வரத்தின் சுருதி அதன் நீளத்தோடு பிறந்தது. கிதாரைப் போல நொடியில் மாற்ற இயலாது. எனவே தங்கைக்கு இயல்பான சுருதி எது என்று உறுதி செய்துகொண்டு, அதற்கு ஏற்ற நாதஸ்வரம் சித்தப்பாவிடம் உள்ளதா என்று கேளுங்கள். இல்லையெனில் விட்டுவிடுங்கள். விருந்தினரின் கருவிக்காகப் பாடகியை உச்சத்தில் கத்த விடுவது முறையன்று.

இரண்டாவதாக, இருவரையும் ஒரே அறையில் ஒரே மைக்கின் முன் நிறுத்த வேண்டாம். நாதஸ்வரத்தின் ஓங்கிய ஒலி தங்கையின் மைக்கில் புகுந்தால் பின்னர் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அவரை அடுத்த அறையில் உட்கார வைத்து, தங்கையின் குரலை ஹெட்போனில் கேட்கச் செய்யுங்கள். வரிகளின் முடிவில் மட்டும் வாசிக்குமாறு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால், மேலே சொன்ன 1925ஆம் ஆண்டுப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். வாசிப்பவருக்கு அதுவே போதும்.

தவிலும் உண்டென்றால் பனிமூட்டத்தில் தோல் தளர்ந்துவிடும் என்பதைச் சித்தப்பாவே சொல்வார். தகரக் கூரை வீடாக இருந்தால், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள்.