நுரையீரலில் தீராத தொற்று இருப்பவர் புதிதாக வரும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொள்ளலாம். எப்போது போடுவது, யாரைக் கேட்டுப் போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் அம்மாவுக்காகவோ அப்பாவுக்காகவோ கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பியிருப்பார்கள். 2021இல் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. எந்த மருந்துக் கம்பெனியோடும் எனக்குச் சம்பந்தம் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், அவ்வளவுதான். தடுப்பூசி என்றதும் சண்டைக்கு வருகிறவர்கள் முழுதும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

இருபது வயதுகளில் எனக்கு டிபி வந்தது. ஆறு மாத மாத்திரையை ஒரு வேளை விடாமல் முடித்தேன். டிபி கிருமி போய்விட்டது. ஆனால் இடது நுரையீரலின் மேல்பகுதியில் மூச்சுக்குழாய்கள் விரிந்து தொளதொளத்துப் போய்விட்டன. பிராங்கியெக்டாசிஸ் என்பார்கள். நல்ல நுரையீரலில் சளி தானாக மேலே ஏறி வந்துவிடும். எங்களுக்கு உள்ளேயே தேங்கும், தேங்கிய இடத்தில் வேறு கிருமி குடியேறும். என் சளியை எப்போது கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) கொடுத்தாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா என்றுதான் ரிப்போர்ட் வரும். அடக்கி வைக்கலாம், அடியோடு ஒழிப்பது கஷ்டம். தினமும் காலையில் உப்புநீர் நெபுலைசர் வைத்துக்கொள்வேன். அப்புறம் கண்ணாடியில் ஆவி படிய ஊதுகிற மாதிரி வாயைத் திறந்து ஊதி ஊதிச் சளியை மேலே கொண்டுவர வேண்டும். அதைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் துப்பி, நிறத்தையும் அளவையும் பார்த்துவிட்டுத்தான் சமையலறைக்கே போவேன். இந்தக் கிண்ணம் பின்னால் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2021 மார்ச் 1 முதல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 45 முதல் 59 வயதுக்குள் குறிப்பிட்ட 20 நோய்களில் ஏதாவது ஒன்று இருப்பவர்களுக்கும் கொரோனா தடுப்பூசி என்று அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் கடுமையான சுவாச நோயும் இருந்தது. கடைசி இரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது ஊதிப் பார்க்கும் சோதனையில் எஃப்.இ.வி.1 அளவு, அதாவது முதல் ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்று, இருக்க வேண்டியதில் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எனக்கு 50க்குக் கீழேதான். ஆனாலும் போட்டுக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. புது மருந்துகளை ஆரம்பத்தில் பெரும்பாலும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிடம்தான் சோதிப்பார்கள். என் மாதிரி நெஞ்சு உள்ளவர்களுக்கு என்ன ஆகும் என்று யார் பார்த்தார்கள்? கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வரும் முன்பே, ஜனவரி 3ஆம் தேதி அனுமதி கொடுத்திருந்தார்கள். என் மாமியார் ஒரே வரியில் கேட்டார்: “ஏற்கெனவே நெஞ்சுல கிருமி குடியிருக்குது, இன்னொண்ண எதுக்குக் கண்ணு உள்ள விடறே?” படித்தவர்கள் பேசியதைவிட அதுதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடங்கிக் கிடக்கிற கிருமியை ஊசி கிளப்பிவிட்டால்?

கோயம்புத்தூரில் என்னைப் பல வருடமாகப் பார்க்கும் நெஞ்சக டாக்டரிடம் இதை அப்படியே கேட்டேன். அவர் முதலில் என் சளியைப் பற்றித்தான் விசாரித்தார். நிறம் மாறியிருக்கிறதா, அளவு கூடியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா, படியேறினால் வழக்கத்தைவிட அதிகமாக இளைக்கிறதா. எதற்கும் இல்லை என்றதும் சொன்னார்: “உங்க தொற்று நாள்பட்டதும்மா, இன்னைக்குப் புதுசா கிளம்பினது இல்ல. அடங்கியிருக்கிற இந்த நேரம்தான் ஊசிக்குச் சரியான நேரம். கிளம்பின நேரத்துல வந்திருந்தா, ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் முடிச்சுட்டு வாங்கன்னு அனுப்பியிருப்பேன்.”

இரண்டு ஊசியிலும் உடம்புக்குள் பெருகக்கூடிய வைரஸ் இல்லை என்றும் விளக்கினார். கோவிஷீல்டில் இருப்பது பெருக முடியாதபடி மாற்றிய சிம்பன்சி அடினோவைரஸ். கோவாக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்த கொரோனா வைரஸ். உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துத் தயாரிக்கும் தடுப்பூசி என்றால் தனியாக யோசிக்க வேண்டும் என்றார். உங்கள் வீட்டில் கேட்பது எந்த ஊசியோ, அது இதில் எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் உதவியது அவர் சொன்ன இன்னொரு விஷயம். ஊசிக்கு முந்தைய வாரம் முழுக்கக் கிண்ணத்தைப் பார்த்துக் குறித்து வைக்கச் சொன்னார். ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும், சளியில் மாற்றம் இருக்காது. காய்ச்சல் நீண்டு, சளி கெட்டியாகிப் பச்சை ஏறி அளவும் கூடினால் அது நம் பழைய தொற்று, உடனே போன் செய்யுங்கள் என்றார். ஊசி போட்ட அன்று ராத்திரி குளிரெடுத்துக் காய்ச்சல் அடித்தது. வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். பாராசிட்டமால் போட்டுப் படுத்தேன். காலையில் கிண்ணத்தில் அதே வெளிர் மஞ்சள், அதே அளவு. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆன்டிபயாட்டிக் தேவைப்படவில்லை.

45 முதல் 59 வயதுக்காரர்கள் ஊசி போட, பட்டியலில் உள்ள நோய் இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தது. அந்த விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. அதில் பதிவு பெற்ற எந்த டாக்டரும் கையெழுத்துப் போடலாம் என்று அப்போது இருந்ததால், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குத்தான் முதலில் போனேன். “சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா? இருமலுக்கெல்லாம் சர்டிபிகேட் கிடையாது” என்று ரிப்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள். இருமல்! 2020இல் யாருக்குப் போன் செய்தாலும் முதலில் ஒரு இருமல் சத்தம் கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் தொண்டையைச் செருமினாலே பக்கத்து சீட் காலியாகிவிடும். என் இருமல் யாருக்கும் தொற்றாது என்று எத்தனை பேரிடம் சொல்வது? வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது இருமல் வந்துவிடக் கூடாதே என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு போன நாட்கள் உண்டு. டிபி மாத்திரை முடிந்ததும் குணமாகிவிட்டது என்று அட்டையில் எழுதி அனுப்புகிறார்கள். மிச்சம் இருக்கும் நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருமுறை ஊதச் சொல்லிப் பார்த்தால் என்ன? சளியை ஊதி எடுக்கும் முறையை எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்கவே பல வருடம் ஆனது. அதை முதலிலேயே செய்திருந்தால் இவ்வளவு பழுதாகியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2021 ஏப்ரல் 15ஆம் தேதி தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17ஆம் தேதி இறந்துபோனார். இரண்டாவது டோஸ் வேண்டவே வேண்டாம் என்று வீட்டில் ஒரே பேச்சு. அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு அக்டோபரில்தான் சொன்னது. அதுவரை மக்கள் பயந்ததைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். இதற்கிடையில் கோவிஷீல்டு இடைவெளியை மே மாதம் 12 முதல் 16 வாரம் என்று மாற்றிவிட்டார்கள். அந்த மே மாதத்தில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஜனங்கள் அலைந்ததைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் இல்லாமல் போயிற்று. இருக்கிற பாதி மூச்சோடு அந்த வரிசையில் நான் நிற்க முடியாது. இரண்டாவதையும் போட்டுக்கொண்டேன்.

2022 ஜனவரியில் எனக்குக் கொரோனா வந்தது. வீட்டிலேயே சமாளித்தேன், ஆக்சிஜன் அளவு இறங்கவில்லை. அது ஒமிக்ரான் அலை, பலருக்கும் லேசாகத்தான் வந்தது. ஊசியால்தான் தப்பித்தேன் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. 2024இல், கோவிஷீல்டின் மூலத் தடுப்பூசி மிக அரிதாக ரத்த உறைவை உண்டாக்கலாம் என்று அஸ்ட்ராஜெனகா லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தபோது, “பாத்தீங்களா சித்தி” என்று அக்கா மகன் அனுப்பினான். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த ஆபத்தை 2021 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. அரிதான ஆபத்து ஒன்று, என் நெஞ்சுக்குக் கொரோனா வந்தால் நேரும் ஆபத்து ஒன்று. இரண்டையும் வைத்துப் பார்த்தால் இன்றும் அதே முடிவைத்தான் எடுப்பேன். பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நீங்கள் கேட்கும் நோயாளிக்கு இப்போது காய்ச்சலோ சளியில் மாற்றமோ இருந்தால், அது அடங்கும்வரை பொறுங்கள். டாக்டரிடம் போகும்போது கடைசி கல்ச்சர் ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள். பிரட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். அதிக டோஸில் சாப்பிட்டால் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். வருடாந்திர ஃப்ளூ ஊசியும் நிமோகாக்கல் (நிமோனியா தடுப்பு) ஊசியும் போட்டாயிற்றா என்று அதே தடவையில் கேட்டுவிடுங்கள். புது ஊசியைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் பல வீடுகளில் அந்தப் பழைய இரண்டையும் யாரும் போட்டிருப்பதில்லை.