உபா வழக்கில் கைது: ஜாமீனுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள்

கேள்வி: என் தம்பியை உபா (UAPA, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் கைது செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இப்போது சிறையில் இருக்கிறான். "தீவிரவாத வழக்கு, இதில் ஜாமீனே கிடையாது" என்கிறார்கள். வீட்டில் இருக்கும் நாங்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: ஜாமீனே கிடையாது என்பது பாதி உண்மை. உபா சட்டத்தின் 43டி(5) பிரிவின்படி, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே நீதிமன்றம் ஜாமீன் தர முடியாது. 2019-ல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதை மேலும் இறுக்கியது. ஆனால் இந்தத் தடை எட்டாத வழி ஒன்று இருக்கிறது. குடும்பங்கள் அதைத்தான் கோட்டை விடுகின்றன.

முதலில் ரிமாண்ட் தேதியை, அதாவது தம்பியைக் காவலில் வைக்க நீதிமன்றம் முதலில் உத்தரவிட்ட நாளை, குறித்து வையுங்கள். கணக்கு கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து அதிலிருந்து ஓடும். 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லை, அவகாசமும் நீட்டிக்கப்படவில்லை என்றால், டிபால்ட் பெயில் (குற்றப்பத்திரிகை உரிய நாளுக்குள் வராததால் கிடைக்கும் ஜாமீன்) கேட்பது உங்கள் தம்பியின் உரிமை. அப்போது வழக்கு எவ்வளவு கனமானது என்ற கேள்வியே எழாது. 180 நாள் வரை நீட்டிக்க முடியும்தான். அதற்கு அரசு வழக்கறிஞரே அறிக்கை தர வேண்டும். விசாரணை எதுவரை வந்திருக்கிறது, இவரை ஏன் இன்னும் உள்ளே வைக்க வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். விசாரணை அதிகாரியின் கடிதம் போதாது. அவகாசம் கேட்கும் அந்த மனு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரும்போது தம்பியை நேரிலோ காணொலியிலோ ஆஜர்படுத்தி, விஷயத்தை அவரிடம் சொல்லவும் வேண்டும்.

இந்த உரிமை தானாக வந்து சேராது. நாள் முடிந்ததும், குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்குள், மனு போட்டிருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் பீமா கோரேகான் வன்முறை தொடர்பான உபா வழக்கில் செயற்பாட்டாளர் சுதா பரத்வாஜுக்கு 2021 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் டிபால்ட் பெயில் கொடுத்தது. அவகாசத்தை நீட்டித்த நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்பது காரணம். அதே வழக்கில் இன்னும் எட்டுப் பேருக்குக் கிடைக்கவில்லை. உரிய நேரத்தில் அவர்கள் அந்த மனுவைப் போடவில்லை என்றது நீதிமன்றம். எனவே 91-வது நாள் காலையில் மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். வக்கீலிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள், நச்சரிப்பதாக நினைத்தாலும் பரவாயில்லை.

அப்புறம் கைதுக் காகிதங்கள். கைதுக்கான காரணங்களை எழுத்தில் கொடுத்தார்களா? "விசாரணைக்குத் தேவை" என்ற அச்சடித்த படிவம் போதாது. இவர் குறிப்பாக என்ன செய்தார் என்று அதில் இருக்க வேண்டும். நியூஸ்கிளிக் செய்தித் தளத்தின் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவின் கைதையும் ரிமாண்டையும் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது இந்தக் காரணத்துக்காகத்தான். எப்.ஐ.ஆர், கைதுக் குறிப்பு, ரிமாண்ட் உத்தரவு மூன்றின் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும்.

தம்பி போலீசிடம் எதையாவது ஒப்புக்கொண்டிருப்பாரோ என்ற பயம் இருக்கலாம். தடா, பொடா என்ற பழைய தீவிரவாதத் தடுப்புச் சட்டங்களின் காலத்தில் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி பதிவு செய்த வாக்குமூலமே சாட்சியமானது. ராஜீவ் கொலை வழக்கு பெருமளவு அப்படிப்பட்ட வாக்குமூலங்களின் மேல்தான் நின்றது. உபாவில் அப்படி இல்லை, போலீசிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியம் ஆகாது. மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால் செல்லும். அங்கே போகும் முன் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று தம்பி கேட்கட்டும். வெற்றுத்தாளில் அவர் கையெழுத்துப் போடக் கூடாது, நீங்களும் போடக் கூடாது.

குற்றப்பத்திரிகை வந்துவிட்டாலும் கதவு முழுக்க மூடிவிடாது. நீதிமன்ற விசாரணையே முடியாமல் உபா வழக்கில் ஐந்து ஆண்டுக்கு மேல் சிறையிலிருந்த நஜீப் என்பவரின் ஜாமீனை 2021-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 43டி(5) இருந்தாலும் அரசியலமைப்பு நீதிமன்றங்கள் (உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும்) ஜாமீன் தரலாம் என்றது. எல்லா அமர்வுகளும் இதை ஒரே மாதிரி கடைப்பிடிப்பதில்லை. ஆகவே இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) வழக்கென்றால் இன்னொன்று: சிறப்பு நீதிமன்றம் ஜாமீனை மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் போடுவது புது ஜாமீன் மனு அல்ல, மேல்முறையீடு. இரு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். 30 நாளுக்குள் போட வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகத் தம்பியே மனு அனுப்பலாம். ஒரு மாதம் போய்விட்டது. 90-ல் மிச்சம் இரண்டு மாதம்கூட இல்லை. இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள்.